யாரிடமும் மூச்சு விடக்கூடாது

கதவைச் சாத்தியாயிற்றா? சரி. ஃபோன்களையெல்லாம் கவிழ்த்து வையுங்கள், வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். யாரும் யாரையும் கடித்துவிட மாட்டார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் நடுராத்திரி, சலங்கைச் சத்தம், ஊளையிடும் நாய் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கலாம். இது நடந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இரண்டரை மணி. நல்ல வெயில். நடந்தது என் நண்பனுடைய அக்காள் கணவருக்கு.

ஊருக்கு வெளியே ஒரு நீளமான சாலை. இரண்டு பக்கமும் கிடங்குகள்தான். ஞாயிறு என்பதால் எல்லா ஷட்டரும் இறங்கிக் கிடந்தன. லாரி இல்லை, ஆள் இல்லை, நிழல்கூட இல்லை. தார் இளகிய வாசனை. அந்த மனிதர் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தார். பின்னால் அவருடைய ஏழு வயது மகள், அவர் முதுகில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சட்டையைத் தாண்டி அவள் மூச்சு வெதுவெதுப்பாக முதுகில் படுகிறது. அவர் அதை எண்ணிக்கொண்டே ஓட்டுகிறார். ஒன்று... இரண்டு... மூன்று...

நாலாவது வரவில்லை.

ஒரு கிடங்கு கடந்து போயிற்று. இன்னொன்று. இன்னொன்று... முதுகில் ஒன்றும் படவில்லை. அவர் வண்டியை அப்படியே ஓரத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பினார். குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. உதடு மட்டும் நீலம் பாய்ந்திருந்தது.

"குட்டி! மூச்சு விடும்மா! விடு!"

தோளைப் பிடித்து உலுக்கினார். ஹ்ஹக்... என்று ஒரு சத்தம். தண்ணீர் நின்றுபோன குழாயில் காற்று வருமே, அந்த மாதிரி. பிறகு மூச்சு வந்தது.

"ஏம்ப்பா கத்தறீங்க?" என்றாள் குழந்தை.

மறுபடி வண்டியைக் கிளப்ப நாலைந்து தடவை முயல வேண்டியிருந்தது.

இப்போது அவர் யார் என்று சொல்கிறேன். வேலை செய்யும் இடத்தில் அவருக்குப் பேர் 'கத்திரி'. ஃபோனில் காதுக்குள் மாட்டிக்கொண்டு கேட்கிறீர்களே தொடர்கதைகள், அப்படி ஒரு தொடரைத் தயாரிக்கும் ஸ்டூடியோவில் எடிட்டர். நடிகர்கள் பேசி முடித்ததும் அதில் இருக்கும் இருமல், நாற்காலி கிறீச்சிடுவது, எச்சில் விழுங்குவது எல்லாவற்றையும் வெட்டி எடுப்பது அவர் வேலை. வெட்டிய இடம் தெரியவே தெரியாது. அந்தக் கை அப்படிப்பட்ட கை.

அந்தத் தொடரின் பேரை நான் சொல்லமாட்டேன். உங்களில் பாதிப் பேர் கேட்டிருப்பீர்கள். அதில் வரும் வில்லனுக்கும் பேர் கிடையாது. 'பக்கத்து வீட்டுக்காரர்', அவ்வளவுதான். எத்தனையோ வில்லன்களைப் பார்த்துவிட்டோம். மிரட்டுகிறவன், உருட்டுகிறவன், காரணமே இல்லாமல் சிரிக்கிறவன். இவர் கத்தவும் மாட்டார், கத்தியை எடுக்கவும் மாட்டார். எல்லோரிடமும் மரியாதை. ஐந்து வயதுப் பையனிடம்கூட 'வாங்க, உட்காருங்க, சாப்பிட்டீங்களா' என்றுதான் பேசுவார். அவர் செய்வதை யாராவது பார்த்துவிட்டால் பக்கத்தில் வந்து குனிவார். காதோடு காதாகச் சொல்வார்.

"யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது... சரிங்களா?"

பார்த்த ஆள் அடுத்த பகுதியில் இருக்கமாட்டான்.

ஊரே நடுங்கியது. பாதியில் நிறுத்திவிட்டு, மனசு கேட்காமல் மறுபடி போட்டுக் கேட்டவர்கள் எத்தனை பேர்! ஆனால் இந்த ஆளிடம் எதற்காக இத்தனை பயம் என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அது கத்திரிக்குத் தெரியும். அவருடைய கைவேலைதான் அது.

எல்லா எடிட்டர்களும் மூச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பார்கள். அடியோடு எடுக்கமாட்டார்கள். எடுத்தால் பேசுவது மனிதன் மாதிரியே இருக்காது. கத்திரி பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் ஒட்ட எடுத்தார். எண்பத்து நாலு பகுதி. பக்கம் பக்கமாகப் பேசுகிறார், ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்கவில்லை. கேட்கிறவர்களுக்கு விஷயம் தெரியாது. ஆனால் காது கண்டுபிடித்துவிடும். அவர் பேசப் பேச இவர்களுக்கு மூச்சு முட்டும்.

இந்த ரகசியம் மூன்றே பேருக்குத் தெரியும். கத்திரி, தொடரை இயக்கும் மேடம், வில்லனுக்குக் குரல் கொடுத்தவர். குரல் கொடுத்தவர் நிஜத்தில் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. கரப்பான்பூச்சியைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறிவிடுவாராம். ஒருநாள் தன் குரலைத் தானே கேட்டுவிட்டு முகம் வெளுத்துப்போய், "எண்பது பகுதி பேசியிருக்கேன். என் மூச்செல்லாம் எங்கப்பா போச்சு?" என்று கேட்டிருக்கிறார்.

"பத்திரமா இருக்கு சார். எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல சேர்த்து வச்சிருக்கேன்" என்றார் கத்திரி.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வெட்டியதை எறியமாட்டார், அது அவர் பழக்கம். எண்பத்து நாலு பகுதியின் மூச்சும் ஒன்றன்பின் ஒன்றாக அந்த ஃபைலில் இருந்தது. வார்த்தையே இல்லாமல், ஒரு மனிதன் நாற்பது நிமிடம் மூச்சு மட்டும் விடுகிறான். அதை முழுசாகப் போட்டுக் கேட்க அவருக்கே மனசு வந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கு மூன்று வாரத்துக்கு முன்னால்தான் குழந்தைக்கு ஆரம்பித்தது. கத்திரி வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர் குளிக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் குழந்தை அவருடைய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கண் கொட்டவில்லை. பிடுங்கி வைத்து இரண்டு திட்டு திட்டினார், மறந்துவிட்டார்.

மறுநாள் சாப்பிடும்போது ஸ்பூன் பாதி வழியில் நின்றது. குழந்தை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். பத்து எண்ணும் வரை... பிறகு தானாகச் சாப்பிட்டாள். விளையாட்டு என்று நினைத்தார்கள். அடுத்த வாரம் இருபது. அப்புறம் நாற்பது. பள்ளிக்கூடத்திலிருந்து ஃபோன் வந்தது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு நுரையீரல் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார். கவனத்தை இழுக்கச் செய்கிறாள், கண்டுகொள்ளாதீர்கள் என்றார். பெற்ற பிள்ளை எதிரே நீலமாகும்போது கண்டுகொள்ளாமல் இருப்பது எப்படி என்று மட்டும் சொல்லவில்லை.

கத்திரியின் மனைவி மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். எளிதில் மிரளமாட்டாள். அவளே உடைந்துபோனாள். "நீங்களும் உங்க வில்லனும்! அதைக் கேட்டுத்தான் இவ இப்படி ஆயிட்டா!"

சனிக்கிழமை சாயங்காலம் எழுபது எண்ணினார்கள். குழந்தை மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, அதே பதிலை வாங்கிக்கொண்டு வந்தார்கள். அம்மா மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"யாரும்மா உன்னை இப்படிச் செய்யச் சொன்னது?"

"சொல்லக்கூடாதாம்."

"அப்பாகிட்ட சொல்லலாம்டா" என்றார் கத்திரி.

குழந்தை கொஞ்சம் யோசித்தாள். "அவருக்கு மூச்சே இல்லையாம்ப்பா. பாவம். யாரோ ஒட்ட வெட்டி எடுத்துட்டாங்களாம். 'உங்களோடதைக் கொஞ்சம் கொஞ்சமா குடுக்கறீங்களா'ன்னு கேட்டார். என்கிட்ட எவ்ளோ மரியாதையா பேசறார் தெரியுமா?"

தொடரில் எந்த இடத்திலும் இந்தப் பேச்சு கிடையாது. மூச்சை வெட்டிய விஷயம் அந்த மூன்று பேரைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஏழு வயதுக் குழந்தைக்கு யார் சொன்னது?

கடைசிப் பகுதி, எண்பத்து ஐந்தாவது, ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியாக வேண்டும். வெள்ளிக்கிழமையே வெட்டி முடித்து மேடத்துக்கு அனுப்பியாயிற்று. கத்திரிக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பைத்தியக்காரத்தனம் என்று அவருக்கே தெரியும். மனைவிக்குக் கடையில் முறை, குழந்தையைத் தனியாக விடமுடியாது. அதனால்தான் அந்த இரண்டரை மணி வெயிலில், மகளை முதுகில் ஒட்டவைத்துக்கொண்டு போனார்.

ஸ்டூடியோவில் ஈ காக்கை இல்லை. பூட்டைத் திறந்ததும் குளிர்ந்துபோன கம்பளத்தின் வாசனை. இரண்டு அறை. ஒன்றில் இவருடைய கணினி. இன்னொன்று நடிகர்கள் பேசும் கண்ணாடி அறை. நடுவில் தடித்த கண்ணாடி. குழந்தையைக் கண்ணாடி அறையில், கண்ணெதிரே தெரியும்படி நாற்காலியில் உட்காரவைத்தார். தாளும் கலர் பென்சிலும் கொடுத்தார். மைக்கை அவள் முகத்துக்கு நேராக இறக்கி வைத்தார். அந்த மைக் இடது காதில் வரும், வேலை வலது காதில் வரும். குழந்தை மூச்சு விடுகிறாளா என்று ஒரு நொடி விடாமல் கேட்டுக்கொண்டே வேலை செய்யலாமே!

மூச்சு ஃபைலைத் திறந்தார். முதல் மூச்சை எடுத்து, கடைசிப் பகுதியில் வில்லனின் முதல் வசனத்துக்கு முன்னால் ஒட்டினார். போட்டுக் கேட்டார்.

வலது காதில் ஒரு மனிதர் மூச்சு வாங்கிவிட்டுப் பேசினார். அவ்வளவுதான்! வயசான, களைத்துப்போன, மூக்கில் லேசாக விசில் அடிக்கிற ஒரு மனிதர். எண்பத்து நாலு பகுதி ஊரை மிரட்டிய ஆள் இவர்தானா என்று இருந்தது.

இரண்டாவது மூச்சு. மூன்றாவது. பத்தாவது... ஒட்ட ஒட்ட, இடது காதில் குழந்தையின் மூச்சு நீண்டுகொண்டே வந்தது. தடங்கல் இல்லை. இருபதாவதை ஒட்டும்போது அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். கத்திரிக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று வாரம் ஆயிற்று அவள் பாடிக் கேட்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒட்டினார்.

மணி நாலே முக்கால். கடைசி வசனம், கடைசி மூச்சு. ஒட்டி முடித்து நாற்காலியில் சாய்ந்தார். அப்போதுதான் இடது காதில் கேட்டது.

"ம்... சரி."

குழந்தையின் குரல். கொஞ்சம் இடைவெளி.

"இல்ல. அப்பாகிட்ட மட்டும்தான் சொன்னேன்."

இடைவெளி.

"தெரியலையே. கேட்டுச் சொல்றேன்."

கத்திரி நிமிர்ந்து பார்த்தார். குழந்தை தனியாகத்தான் இருந்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில், கொஞ்சம் மேலே, நின்றுகொண்டிருக்கும் பெரியவர்களைப் பார்ப்பது போலத் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் திரையைப் பார்த்தார். மைக்கில் விழும் சத்தம் திரையில் கோடாக ஓடும். குழந்தை பேசிய இடமெல்லாம் மேடு மேடாக இருந்தது. அது சரி. நடுவில் இருந்த இடைவெளிதான்... கேளுங்கள், இது முக்கியம். காலி அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. ஏசி, மின்கம்பி, சுவர், ஏதாவது ஒன்று சன்னமாக இரைந்துகொண்டே இருக்கும். அதனால் யாரும் பேசாவிட்டாலும் கோடு புல் முளைத்த மாதிரி சொரசொரவென்றுதான் ஓடும். அந்த இடைவெளிகளில் புல் இல்லை. மழமழவென்று நேர்க்கோடு. அப்படி ஒரு கோடு தானாக வராது. யாராவது உட்கார்ந்து வெட்டினால்தான் வரும். இருபது வருஷமாக அவர் வெட்டி வெட்டிப் பார்த்த கோடு அது.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நேர்க்கோட்டில் ஒரு சின்ன மேடு எழுந்தது.

இடது காதில்... மூச்சு. பெரிய ஆளின் மூச்சு. மெதுவாக, ஆழமாக, உள்ளே... உள்ளே... இன்னும் உள்ளே. மூக்கில் லேசான விசில்.

ஹெட்ஃபோனைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓடினார். கண்ணாடி அறையின் கதவு கனமான கதவு, இரண்டு கையாலும் இழுத்தார். உள்ளே வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்த நாற்றம். குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவை உதைத்துச் சாத்தினார். அவள் உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது, மூச்சு ஒழுங்காக இருந்தது.

"யாரும்மா? யார்கூடப் பேசினே?"

"அவர்தான்ப்பா. உங்களுக்கு ரொம்ப நன்றின்னு சொல்லச் சொன்னார். இனிமே என்னோட மூச்சு வேணாமாம். அவரோடதே கிடைச்சிடுச்சாம்."

"வேற என்ன சொன்னார்?"

"மூச்சு இல்லாததாலதான் கதைக்குள்ளயே இருந்தாராம். இனிமே எல்லார் வீட்டுக்கும் போகலாமாம். ஆறு மணிக்குத்தானேன்னு கேட்டார். ஆறு மணியாப்பா?"

கத்திரி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தார். ஒட்டிய மூச்சையெல்லாம் அணைக்க ஒரே ஒரு பொத்தான் போதும். அதை அழுத்தினார்.

மடியில் மூச்சு நின்றது.

மறுபடி அழுத்தினார். வந்தது. தற்செயலாக இருக்கும் என்று இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார். நின்றது. குழந்தையின் விரல்கள் அவர் சட்டையை இறுக்கிப் பிடித்தன. பதறிப்போய் மறுபடி அழுத்தினார். வந்தது. மூன்றாவது முறை பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

ஐந்தரைக்கு மேடம் ஃபோனில் வந்தார். "கத்திரி, ஏதோ திருத்தம்னு மெசேஜ் போட்டிருந்தீங்களே, அனுப்பறீங்களா? இல்லேன்னா வெள்ளிக்கிழமை ஃபைலையே ஏத்திடறேன்."

வெள்ளிக்கிழமை ஃபைலில் மூச்சு கிடையாது. அது போனால் மடியில் இருப்பவள் போய்விடுவாள். புதிய ஃபைல் போனால் அது போய்ச் சேரும் காதுகளுக்குக் கணக்கே இல்லை. யார் யாரோ. முகம் தெரியாதவர்கள். பஸ்ஸில் போகிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள், தூக்கம் வராதவர்கள்.

என்ன, தலையை ஆட்டுகிறீர்கள்? பெரிய நியாயவான் மாதிரி? உங்கள் மடியில் உங்கள் பிள்ளை உட்கார்ந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன்.

"அனுப்பறேன் மேடம்" என்றார் கத்திரி. அனுப்பினார். அனுப்பிவிட்டுக் குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

குழந்தைக்கு அன்றோடு சரியாகிவிட்டது. ஓடுகிறாள், கத்துகிறாள், சண்டை போடுகிறாள். டாக்டரை மாற்றியதால்தான் குணமாயிற்று என்று மனைவி இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறாள். தொடரைக் கேட்டவர்கள் கடைசிப் பகுதியில் வில்லன் சப்பென்று ஆகிவிட்டான் என்று திட்டினார்கள். மேடமும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள், தொடருக்குக் கீழே கேட்டவர்கள் கருத்து எழுதும் இடத்தில் ஒரு பெண் எழுதியிருந்தாள். 'கதை முடிஞ்சுடுச்சு. இயர்ஃபோனையும் கழட்டி வச்சுட்டேன். மூச்சுச் சத்தம் மட்டும் இன்னும் கேக்குது. வேற யாருக்காவது இப்படி இருக்கா?'

அதற்குக் கீழே யாரோ ஒருவர், 'எனக்கும்.'

அதற்குக் கீழே இன்னொருவர், 'எனக்கும்.'

கத்திரி தினமும் காலையில் அதை எடுத்துப் படிக்கிறாராம். படித்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு ஓடும் மகளைப் பார்க்கிறாராம். அந்த ஃபைலை மாற்ற இன்றைக்கும் அவரால் முடியும். அவர் மாற்றப்போவதில்லை.

இவ்வளவையும் என்னிடம் சொல்லிவிட்டு என் நண்பன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். "கடைசிப் பகுதியை மட்டும் கேட்டுடாதேடா." கேட்காதே என்றால் கேட்காமல் இருக்கிற ஆளா நான்? போன செவ்வாய்க்கிழமை கேட்டேன். கீழே இப்போது அறுபத்து மூன்று 'எனக்கும்' இருக்கிறது. கடைசியாக எழுதியது நான்.

பயப்படாதீர்கள். ஒரு சின்னச் சோதனைதான். எல்லோரும் ஒரு நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். நானும் பிடித்துக்கொள்கிறேன். யாரும் ஏமாற்றக்கூடாது. எங்கே...

...

...

சரி, விடுங்கள். இப்போது சொல்லுங்கள், கேட்டதே ஒரு மூச்சு, அது யாருடையது?